புள்ளிக்குப் பின் ஐந்து பூச்சியம்

வரைபடத்தில் இந்தக் கால்வாய்க்குப் பெயரில்லை.
என் படிவத்தில் அதன் பெயர் இடம் பதினான்கு.
இன்ஸ் கிராமத்து லீக்ஸ் வயல்களின் ஓரமாய்
நேர்கோட்டில், பேச்சில்லாமல்
பீல் ஏரிப் பக்கம் போகிறது.

ரப்பர் சப்பாத்தோடு இறங்கி
கல்லைப் புரட்டி வலை பிடிக்கிறேன்.
போன வருடம் நூற்று முப்பத்தெட்டுக் கூனி.
இன்று ஒன்பது.
திரும்ப எண்ணுகிறேன்.
ஒன்பதில் ஒன்று சருகு.

முன்பு எல்லா நஞ்சுக்கும் ஒரே அளவு,
வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும்
ஒரே சட்டை தைத்த மாதிரி.
பிறகு பெர்னில் ஒரு மேசையைச் சுற்றி
மூன்று வருடம் பேசினார்கள்.
விவசாயிகள் சங்கம் பேசியது.
மீன்பிடிகாரர்கள் பேசினார்கள்.
மருந்துக் கம்பனி நூற்றுப்பத்துப் பக்கம் பேசியது.
(எங்கள் மொழியிலும் அதற்குப் பூச்சி மருந்து என்றுதான் பெயர்.
நோய் என்னவென்று யாரும் கேட்பதில்லை.)
கடைசியில் ஓர் எண் பிறந்தது.
நாடு முழுக்க அதே எண்,
பனி உருகி வரும் ஓடைக்கும்
இந்த மண்ணிறக் கால்வாய்க்கும்:
ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின் ஐந்து பூச்சியம்,
அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்று.

இம்மி என்று நாம் சொல்வது
இதற்கு முன்னால் மலை.

யாருடைய சாவை வைத்து அளந்தார்கள் என்று
பின்னிணைப்பில் இருக்கிறது.
என்னுடையதை அல்ல.
சுண்டுவிரல் நகமளவு,
பக்கவாட்டில் சரிந்து நீந்தும் இந்தக் கூனியின் சாவை.
சட்டத்தில் தனக்கு இடம் கிடைத்த செய்தி
அதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

மார்ச் முப்பத்தொன்று இரவு வரை
இது சுத்தமான தண்ணீர்.
ஏப்ரல் ஒன்று விடிந்தபோது
இருபது மடங்கு மீறல்.
இடையில் கால்வாயில் நடந்தது இவ்வளவுதான்:
ஒரு வாத்து கரை மாறியது.

"எவ்வளவு?" என்று கேட்டார் பெயாட் ஷ்வாப்,
டிராக்டர் பின்னால் உறுமிக்கொண்டிருக்க.
சொன்னேன்.
பூச்சியங்களை விரல்விட்டு எண்ணினார்.
"என் வங்கிக் கடனில் இவையெல்லாம்
புள்ளிக்கு மற்றப் பக்கம் நிற்கின்றன."
அவரும் சிரிக்கவில்லை.

"நான் அடித்தது அளவுக்குள்தான். லேபிளைப் பார்."
பார்த்தேன். அளவுக்குள்தான்.
அவர் அளவு ஹெக்டேருக்கு.
என் அளவு லீட்டருக்கு.
நடுவில் மழை.

மேசையில் இப்போது அடுத்த சண்டை:
உச்சத்தைப் பார்ப்பதா,
இரண்டு வாரச் சராசரியைப் பார்ப்பதா.
கரையில் பூட்டிய பெட்டிக்குள் இயந்திரம்
முக்கால் மணிக்கு ஒரு மிடறு குடித்து
எல்லாவற்றையும் ஒரே போத்தலில் துப்புகிறது.
கலந்ததும் எல்லாம் சாந்தமாகிவிடுகிறது.
கூனிகள் சராசரியில் சாவதில்லை.
செவ்வாய்க்கிழமை, மழை விட்டு,
பின்னேரம் நாலரைக்குச் சாகின்றன.

இதை அப்படியே அறிக்கையில் எழுதினேன்.
ரெகுலா சிவப்புக் கோடு போட்டாள்:
"உண்மை. ஆனால் இதற்குக் கட்டம் இல்லை."

போகும்போது ஒரு கட்டு லீக்ஸ் நீட்டினார் ஷ்வாப்.
உத்தியோகத்தில் இருப்பவர்கள் வாங்கக் கூடாது.
வாங்கினேன்.
குளிர்பெட்டியில் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்,
இடமும் நேரமும் எழுதாமல்.

இரவு, லிஸில், மூன்றாம் மாடிக் குசினியில்
தாள் தாளாய்ப் பிரித்துக் கழுவினேன்.
முதல் தரம் மண் போனது.
இரண்டாம் தரம்
கண்ணுக்கு எதுவும் போகவில்லை.
மூன்றாம் தரம் குழாயைத் திறந்தபோதுதான்
இந்தத் தண்ணீர் எந்த வயல்களுக்குக் கீழிருந்து
ஏறி வருகிறதென்று யோசித்தேன்.

கை நனைந்தபடி நின்றேன்.
அடுப்பில் கடுகு வெடிக்கத் தொடங்கிவிட்டது.